ஆட்டுக்குப் போன கோவா

ஒரு மரக்கறிக்காக இத்தனை படலைகளில் இத்தனை விதமாக அவமானப்பட்ட மனிதர், எங்கள் கோவா அண்ணையைத் தவிர, இந்தக் குடாநாட்டில் வேறொருவர் இருந்திருக்க முடியாது. காதலுக்காக அவமானப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காணி எல்லைக்காக அவமானப்பட்டவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே நாலு பேர் இருக்கிறோம். கோவாவுக்காக அவமானப்பட்டவர் அவர் ஒருவர்தான். கடல் கடந்து இதை வாசிப்பவர்களுக்கு: நீங்கள் முட்டைக்கோஸ் என்பதை நாங்கள் கோவா என்போம்; வீட்டு வாசல் கதவு எங்களுக்குப் படலை, சந்து ஒழுங்கை.

அவருடைய சொந்தப் பெயர், மரண அறிவித்தல் ஒட்டிய அன்றுதான் பாதி ஊருக்குத் தெரியவந்தது. மதிலில் அதை வாசித்துவிட்டு வந்த என் மனைவியே என்னிடம், "இதார் செத்தது? எங்கடை ஊர் எண்டு போட்டிருக்கு, ஆளைத் தெரியேல்லை" என்றாள்.

எனக்கு எழுபத்தாறு வயது. அவர் என்னிலும் ஐந்து வயது இளையவர். ஊரே அண்ணை என்றதால் நானும் அண்ணை என்றேன். அவர் என்னை மாஸ்ரர் என்பார். முப்பத்தைந்து வருடம் சரித்திரம் படிப்பித்தவன் நான். ஊரில் எனக்கு இன்னொரு பெயரும் உண்டு: பகிடி மாஸ்ரர். செத்த வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்கவைக்காமல் கதிரையை விட்டு எழும்பமாட்டேன் என்று சொல்வார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. கெடுத்ததும் அதுதான்.

கோவா அண்ணை வியாழக்கிழமை காலையில் வருவார். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை எல்லா வீட்டிலும் சைவச் சமையல். அதற்கு முதல் நாளே கோவா போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. கட்டிய சாரமும், மணியில்லாத சைக்கிளும், ஹாண்டிலின் இரண்டு பக்கமும் தொங்கும் உரப்பைகளுமாக வந்து, படலையடியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "மாஸ்ரர், கோவா!" என்பார். காசு வாங்கமாட்டார். மார்கழி பிறந்தால் பங்குனி முடியும்வரை கோவா கொண்டுவருவார். மிச்ச மாதங்களில் கோவாவைப் பற்றிய கதையைக் கொண்டுவருவார். கோவா வருகிற மாதங்கள்தான் எங்களுக்குச் சுகம். கோவாவை வாங்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தலாம். கதையை அப்படிச் செய்ய முடியாது.

அவருடைய கோவாவில் ஓட்டை இருக்கும். ஒன்றிரண்டு அல்ல. வெளி இலையைப் பிடித்துப் பார்த்தால் அரிதட்டு மாதிரி வானம் தெரியும். மருந்தடிக்காத கோவா. பூச்சிநாசினியை எங்கள் ஊரில் மருந்து என்றுதான் சொல்வோம். முதல் தரம் அதைக் கையில் வாங்கிய என் மனைவி கீழே போட்டுவிட்டாள்.

"அண்ணை, உதுக்கை புழுவெல்லோ நெளியுது!"

"நெளியும் தங்கச்சி. உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணியிலை அரை மணித்தியாலம் ஊறவிடுங்கோ. தன்ரை பாட்டிலை வெளியிலை வந்திடும்."

"வந்து?"

"வந்தால் எடுத்துக் கோழிக்குப் போடுங்கோ. பாவம், அதுவும் சாப்பிடட்டும்."

"எங்களிட்டைக் கோழி இல்லையே."

"அப்ப ஒரு கோழி வாங்குங்கோ."

இது அவருடைய வழமையான தர்க்கம். அதற்கு மேல் யாரும் கதைத்து வெல்ல முடியாது. நான் ஒருமுறை முயன்றேன். சந்தையில் விற்கும் கோவாவில் ஒரு ஓட்டைகூட இல்லையே என்று கேட்டேன்.

"புழு தின்னாததை மனிசன் தின்னலாமோ, மாஸ்ரர்? புழு உங்களை மாதிரிப் படிக்கேல்லைத்தான். ஆனா நஞ்சு எது எண்டு அதுக்குத் தெரியும்."

பெரியாஸ்பத்திரியில் எங்கள் ஊரார் யாராவது படுத்திருந்தால் எல்லோரும் பிஸ்கட்டும் தோடம்பழமும் கொண்டுபோவார்கள். அவர் கோவா கொண்டுபோவார். தென்னையால் விழுந்து கால் முறிந்து கிடந்தவனின் கட்டிலில் ஒரு முழுக் கோவாவை வைத்துவிட்டு வந்தார். "கால் முறிஞ்சதுக்குக் கோவா என்ன செய்யும், அண்ணை?" என்று அவன் அழாக் குறையாகக் கேட்டானாம். "காலுக்கு ஒண்டும் செய்யாது. நீ மூண்டு மாசம் படுக்கப்போறாய், வயிறு இறுகும். அதுக்கு" என்றாராம். கனடா மாப்பிள்ளை ஒருவரின் கல்யாணத்தில், மினுங்கல் தாளில் சுற்றி நாடாவும் கட்டிய பார்சல் ஒன்றை மணவறையில் கொடுத்தார். மாப்பிள்ளை அதைப் பெரிய கிண்ணம் என்று நினைத்துப் பவ்வியமாக இரண்டு கையாலும் வாங்கினார். அந்த வீடியோவில் தாளின் ஓரத்தால் ஒரு புழு மெல்ல வெளியே வந்து கமராவைப் பார்ப்பது இன்றைக்கும் தெளிவாகத் தெரியும்.

வறை செய்வதில் அவருக்கென்று ஒரு வேதம் இருந்தது. தேங்காய்ப்பூ போட்டு வறட்டும் சாதாரணக் கோவா வறைதான். ஆனால் நூல் மாதிரி அரிய வேண்டும். தடிப்பாக அரிந்தால் அது மாட்டுக்கு. வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கோவாவைப் போட்டு, ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாமல் மஞ்சளும் உப்பும் தேங்காய்ப்பூவும் பிரட்டி, பச்சை நிறம் போக முன்னம் இறக்கிவிட வேண்டும். "அடுப்பிலை வைச்சிட்டுப் படலையடியிலை நிண்டு கதைக்கிற ஆக்கள் கோவா சமைக்கப்படாது" என்பார், எங்கள் படலையடியில் நின்று முக்கால் மணித்தியாலம் கதைத்துக்கொண்டே. சோற்றில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் வறையைப் போட்டால் சீனி வருத்தக்காரர், அதாவது நீரிழிவுக்காரர், நிம்மதியாக இருக்கலாம் என்பது அந்த வேதத்தின் முடிவு.

இந்த வேதத்தை அவர் எங்கே ஓதுவார் என்பதற்கு ஒரு வரைமுறையும் இல்லை. பழைய போஸ்ற்மாஸ்ரர் இறந்தபோது, லண்டனிலிருந்து வந்து கொள்ளிச்சட்டியோடு நின்ற மகனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"தம்பி, அப்பா கடைசியிலை என்ன சாப்பிட்டவர்?"

"பேக்கரிப் பாண்தான் கூட, அங்கிள்."

"அதுதானே பார்த்தன்" என்று வறை வேதத்தைத் தொடங்கினார். பறை அடிக்கிற சத்தத்தில் அந்தப் பிள்ளைக்குக் கேட்க வேண்டுமே என்று உரத்துச் சொன்னார். நாலு பேர் பாடையைத் தூக்கித் தோளில் வைக்கிற நேரம் பறை ஒரு கணம் நின்றது. அந்த அமைதியில் அவருடைய குரல் மட்டும் முற்றம் முழுக்கக் கேட்டது: "நிறம் மாற முன்னம் இறக்குங்கோ!" பாடை தூக்கியவர்கள் பதறிப்போய் இறக்கிவைத்தார்கள்.

அன்றைக்கு நான் பகிடி விடத் தேவையே இருக்கவில்லை.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருடம், கிட்டத்தட்ட இரண்டு போகம், வியாழன் தவறாமல் அவர் தந்த கோவாக்களில் ஒன்றைக்கூட நாங்கள் சாப்பிடவில்லை. எங்கள் கொட்டிலில் ராணி என்று ஒரு ஆடு இருக்கிறது. கோவா எல்லாம் ராணிக்குப் போனது. அவர் ஒழுங்கை திரும்பும்வரை பொறுத்திருந்துவிட்டு என் மனைவி கொண்டுபோய்ப் போடுவாள். மிருக வைத்தியர் ஒருமுறை வந்து ராணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், இதுக்கு என்ன குடுக்கிறியள்? மயிர் பட்டு மாதிரிக் கிடக்கு" என்று கேட்டார். நாங்கள் சந்தையில் மினுமினுப்பான கோவா வாங்கிச் சாப்பிட்டோம்.

அடுத்த வியாழன் அவர் வந்து முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சாப்பிட்டனியளோ, மாஸ்ரர்?"

"ஓம் அண்ணை. நல்ல கோவா."

ஒருநாள் சந்தையால் வரும்போது பிடிபடப் பார்த்தேன். ஸ்கூட்டரின் முன்கூடையில் வழுவழுப்பான ஒரு கோவா. எதிரே அவருடைய சைக்கிள். என்ன செய்வது என்று தெரியாமல், தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கோவாவுக்குப் போட்டுவிட்டேன். அவர் சைக்கிளை நிறுத்தினார்.

"மாஸ்ரர், பொலிஸ் நிக்கிற சந்தி. ஹெல்மெட்டைத் தலையிலை போடாமல் கூடைக்கை ஏன் வைச்சிருக்கிறியள்?"

"வெக்கை அண்ணை."

அவர் கூடையைப் பார்த்தார். ஹெல்மெட் கூடைக்குள் அடங்கி இருக்கவில்லை. ஒரு தலைக்கு மேல் இருப்பதுபோல உயர்ந்து நின்றது. "கவனமாய்ப் போங்கோ" என்று மட்டும் சொன்னார். அவருக்கு விளங்கியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நாங்கள் சாப்பிடுகிறோம் என்று காட்டுவதற்காக என் மனைவி ஒரு வியாழன் அவரை மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கச் சொன்னாள்.

"இல்லைத் தங்கச்சி, எனக்கு வியாழன் விரதம்."

"வியாழனோ? எந்தச் சாமிக்கு அண்ணை?"

"எல்லாச் சாமிக்கும் பொதுவாய்."

அவருடைய உரப்பையின் வாயால் ஒரு மீன் வால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் விடவில்லை. "அண்ணை, விரதம் எண்டுறியள், உது என்ன?"

அவர் வாலை உள்ளே தள்ளினார். "உது பூனைக்கு" என்றார்.

அந்தப் பூனையை வைத்து நான் ஊரில் ஒரு மாதம் பகிடி விட்டேன். கோவா தின்னும் மனிதனும் மீன் தின்னும் பூனையும் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று நடித்தே காட்டினேன்.

பிறகு ஒரு தை மாதம், கோவா தரவந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. முதல் தரமாக அவர் படலை தாண்டி வந்து எங்கள் விறாந்தையில் இருந்தார். மழை விடவில்லை. நான் கேட்காமலே தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். அவள் இறந்ததும் அவர் மருந்தடிப்பதை விட்டதும் ஊருக்கே தெரியும். இடையில் நடந்தது எனக்கு மட்டும் சொன்னது.

எல்லாத் தோட்டக்காரரையும் போல அவரும் ஒரு காலத்தில் கோவாவுக்கு மருந்தடித்தவர்தான். சந்தைக்குப் போகும் கோவா மினுங்க வேண்டும். அதனால் வெளி இலைகளை உரித்துவிட்டுத்தான் கொண்டுபோவார்கள். மருந்து கூடப் படுவது அந்த இலைகளில். மற்றவர்கள் அதைக் குழி வெட்டித் தாட்டுவிடுவார்கள். அவருடைய மனைவி ஒன்றையும் எறியமாட்டாள். பச்சைப்பசேல் என்று கிடப்பதை ஏன் எறிவான் என்று அதையே அரிந்து தனக்கு வறை செய்வாள். அவள் பிறவிச் சைவம். அவர் மச்சம் சாப்பிடுகிறவர். ஒரே குசினியில் இரண்டு அடுப்பு. பதினெட்டு வருடம் அவர் தன் அடுப்பு மீனைச் சாப்பிட்டார், அவள் தன் அடுப்பு வறையைச் சாப்பிட்டாள். பிறகு அவளுக்கு வயிற்றில் வருத்தம் வந்தது. ஒன்பது மாதம் படுத்திருந்தாள்.

"டொக்டர் உதாலைதான் எண்டு சொன்னவரோ?" என்று கேட்டேன்.

"டொக்டர் ஒண்டும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. கேட்டு, ஓம் எண்டால் என்ன செய்யிறது? இல்லை எண்டால் மட்டும் நான் நம்பப்போறனோ?"

கூரையால் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அடிச்சவன் நானெல்லோ, மாஸ்ரர். எந்த இலையிலை எவ்வளவு பட்டதெண்டு எனக்குத் தெரியும். 'உதைச் சமைக்காதை' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். மிச்சம் பிடிக்கிறாள், நல்ல பொம்பிளை எண்டு சந்தோசப்பட்டுக்கொண்டு இருந்திட்டன்."

சொல்வதற்கு என்னிடம் பகிடியைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை.

"இனி ஒரு வீடெண்டாலும் என்ரை கையாலை நல்ல கோவா சாப்பிட வேணும். ஊர் முழுக்க வேண்டாம். ஒரு வீடு காணும்." என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சாப்பிடுறியள். அது எனக்குப் பெரிய ஆறுதல்."

மழைச் சத்தத்துக்கு மேலாக, கொட்டிலில் ராணி எதையோ கறுக்குக் கறுக்கென்று கடிக்கும் சத்தம் கேட்டது. போன வியாழன் வந்த கோவா.

இதற்கு மேல் நடந்ததை எழுதாமல் விடலாம். ஆனால் இதை எழுதத்தான் பேனையை எடுத்தேன்.

அடுத்த வருடம் மாசியில் எங்கள் பிள்ளையார் கோயில் தேர்த் திருவிழா. தேரன்று மடத்தில் ஊர் முழுவதற்கும் அன்னதானம். கோவா அண்ணைக்கு ஒரு யோசனை வந்தது. தன் தோட்டத்தில் நிற்கும் இருநூறு கோவாவையும் அன்னதானத்துக்குச் சும்மா தருவது. மடத்தில் சமைத்தால் ஊர் சாப்பிடும். ஒருக்காச் சாப்பிட்டுவிட்டால் புழுப்பயம் போய்விடும். அதற்குக் கோயில் பரிபாலன சபை சம்மதிக்க வேண்டும். கூட்டத்துக்கு முதல் நாள் என்னிடம் வந்தார்.

"மாஸ்ரர், நாளைக்குக் கூட்டத்திலை ஒரு வசனம் சொல்லுவியளோ? நாங்கள் சாப்பிடுறனாங்கள், ஒண்டும் செய்யேல்லை எண்டு. அவ்வளவுந்தான். நீங்கள் சொன்னால் எடுபடும்."

"ஓம்" என்றேன். சொல்லத்தான் நினைத்தேன். அது பொய்தான், ஆனாலும் சொல்ல நினைத்தேன்.

மடத்தில் நடந்த கூட்டத்துக்கு அவர் வேட்டி கட்டி, விபூதி பூசி, மாதிரிக்கு ஒரு கோவாவை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். அந்தக் கோவாவில் அவரால் முடிந்த அளவுக்கு ஓட்டை குறைவாக இருந்தது. அதைத் தேடித் தோட்டம் முழுக்க நடந்திருப்பார். சபைத் தலைவர் அதைத் தூரத்திலிருந்தே பார்த்தார்.

"கோவா நல்லதுதான். ஆனா உதுக்கை புழு இருக்குமெல்லோ? புழு மச்சம். பிள்ளையாற்றை மடத்திலை மச்சம் சமைக்கேலுமோ?"

சபையில் ஒரு சலசலப்பு. இது லேசான கேள்வி இல்லை.

"ஊறவிட்டால் எல்லாம் வெளியிலை வந்திடும், தலைவர்" என்றார் கோவா அண்ணை. "நான் வந்து என்ரை கையாலை இலை இலையாய்ப் பார்த்துத் தருவன். மாஸ்ரரைக் கேளுங்கோ. ரெண்டு வருசமாய் உதைத்தான் சாப்பிடுறார். அவற்றை சீனியே இறங்கிப்போச்சு."

என் சீனி இறங்கியது உண்மை. கிளினிக் குளிசையாலும் நடையாலும் இறங்கியது. கோவாவால்தான் என்று அவர் நம்பினார், நான் நம்பவிட்டேன்.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பகிடி மாஸ்ரர் வாய் திறக்கப் போகிறார் என்று முகங்கள் முன்கூட்டியே சிரிக்கத் தயாராக இருந்தன. அந்த முகங்களைப் பார்த்தேன். எனக்கு இன்னும் அந்த ஒரு விநாடி ஞாபகம் இருக்கிறது. சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"என்ரை சீனியைப் பற்றி எனக்கு நிச்சயமாய்ச் சொல்லேலாது, தலைவர்" என்றேன். "ஆனா எங்கடை ஆட்டுக்குச் சீனி வருத்தம் அறவே இல்லை."

மடம் அதிர்ந்தது. தலைவர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். கடைசி வரிசையில் ஒருவர் புரையேறிப்போய் வெளியே ஓடினார். என் வாழ்க்கையில் நான் விட்ட பகிடிகளில் அவ்வளவு சிரிப்பு வேறொன்றுக்கும் கிடைத்ததில்லை.

கோவா அண்ணையும் சிரித்தார். கொஞ்சம் பிந்திச் சிரித்தார். மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து, ஏனென்று யோசித்து, விளங்கிய பிறகும் நிறுத்தத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு மடியிலிருந்த கோவாவை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

அன்னதானத்துக்குச் சந்தையில் கோவா வாங்குவது என்று தீர்மானமானது. அளவெட்டியிலிருந்து வந்த இரண்டு கூட்டம் நாதஸ்வரத்தோடு தேர் சிறப்பாக நடந்தது. இருநூறு கோவாவில் அவர் வீடு வீடாகக் கொடுத்தது போக மிச்சமெல்லாம் தோட்டத்திலேயே முற்றி வெடித்தன.

கூட்டம் முடிந்த அடுத்த வியாழன் அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். "மாஸ்ரர், கோவா!" என்று குரல் கேட்டது. என் மனைவி குசினியை விட்டு வெளியே வரவில்லை. நான் போனேன். அவர் இரண்டு கோவா எடுத்துத் தந்தார்.

"இது உங்களுக்கு, மாஸ்ரர். இது ராணிக்கு. பெரிசு ராணிக்கு, அது விருப்பமாய்ச் சாப்பிடுமெல்லோ."

குத்திக் கதைக்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. சாப்பிடுகிற ஒரு சீவன் கிடைத்ததே என்கிற முகம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் சைக்கிளை மிதித்துவிட்டார். வழமையான அந்தக் கேள்வியை அன்றைக்கு அவர் கேட்கவில்லை. பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் நாங்கள் சிறிய கோவாவை உப்பிலும் மஞ்சளிலும் ஊறவிட்டோம். ஏழு புழு வந்தது. வெள்ளிக்கிழமை மனைவி நூல் மாதிரி அரிந்து, அவர் சொன்னபடி பச்சை நிறம் போக முன்னம் இறக்கினாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். சந்தைக் கோவாவில் இல்லாத ஒரு இனிப்பு அதில் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. அவருக்குச் சொல்லுங்கோவன்" என்றாள்.

"சொல்லுறன்."

பங்குனி முடிய இன்னும் ஐந்து வியாழன் இருந்தன. ஐந்து தரமும் அவர் இரண்டு கோவா தந்தார். ஐந்து தரமும் நான் வாங்கினேன். ஆட்டுக்கு என்று தந்ததையும் சேர்த்து நாங்களே சாப்பிட்டோம். சொல்லவில்லை. இப்போது சாப்பிடுகிறோம் என்றால், அதுவரை சாப்பிடவில்லை என்பதை என் வாயால் சொன்னதாகிவிடும். அவருக்குத் தெரிந்ததுதான், ஊருக்கே தெரிந்ததுதான். இருந்தும், படித்தவன் என்ற வீம்பு. அடுத்த போகத்தில் அவர் கேட்கும்போது சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

வைகாசியில் அவர் கிணற்றடியில் விழுந்து கிடந்தார். குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் கொண்டுவரும் அந்தோனிதான் காலையில் கண்டது. மாரடைப்பு என்றார்கள்.

எட்டாம் நாள், எட்டுச் செலவு. இறந்தவருக்கு விருப்பமான சாப்பாட்டை எல்லாம் சமைத்துப் படைக்கும் நாள். பக்கத்து ஊரிலிருந்து வந்த அவருடைய தங்கச்சிதான் முன்னின்று செய்தாள். பின்னேரம் நான் போனபோது வாழையிலையில் படையல் தயாராக இருந்தது. கோவா வறை, கோவாப் பால்கறி, கோவாச் சொதி, கோவாச் சம்பல், கோவா போட்ட வடை. நடுவில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒரு முழுக் கோவா, எண்ணெய் பூசியதுபோல மினுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணைக்குக் கோவா எண்டால் உயிரெல்லோ, மாஸ்ரர்" என்றாள் தங்கச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சந்தையிலை நல்லதாய்ப் பார்த்து வாங்கினது. ஒரு ஓட்டையும் இல்லை."

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்தேன். படலையடியில் அந்தோனி மோட்டார் சைக்கிளோடு நின்றான். வேறு சமயத்தவன் உள்ளே வரலாமோ என்று தயங்கிக்கொண்டு நின்றிருக்கிறான். ஏதாவது கதைக்க வேண்டுமே என்று கேட்டேன்:

"அந்தோனி, அந்தப் பூனைக்கு இப்ப ஆர் மீன் போடுகினம்?"

"எந்தப் பூனை?"

"அண்ணை வளர்த்த பூனை. நீதானே வியாழனிலை மீன் குடுக்கிறனீ."

அவன் என்னை விளங்காமல் பார்த்தான். "பூனையோ? இந்த வீட்டிலை நாய் பூனை ஒண்டும் இல்லை, மாஸ்ரர். அது அவருக்குத்தான். அவர் கோவா தின்னமாட்டாரெல்லோ. மனிசி போனாப்பிறகு ஒருக்கா வாயிலை வைச்சவராம், தொண்டைக்குள்ளாலை இறங்கேல்லையாம். எனக்குச் சொல்லியிருக்கிறார். 'நான் தின்னாததை ஊருக்குக் குடுக்கிறன் எண்டு தெரிஞ்சால் ஒருத்தரும் வாங்கமாட்டினம், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை' எண்டு கெஞ்சினவர்."

நான் அவனுடைய மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த மீன் பெட்டியைப் பார்த்தேன்.

"பெட்டியிலை ஏதும் கிடக்கோ?" என்றேன்.

"ரெண்டு ஒட்டி மீன் மிச்சம் கிடக்கு. ஏன் மாஸ்ரர், நீங்கள் சைவமெல்லோ?"

எழுபத்தாறு வயதில் முதன்முறையாக மீனைக் கையால் பிடித்தேன். குளிர்ந்து வழுக்கியது. ஒரு கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, அந்தோனியையும் வரச்சொல்லி, முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் நடுவால் நடந்தேன். அன்றைக்கு மடத்தில் இருந்த அதே முகங்கள். பகிடி மாஸ்ரர் மீனோடு வருகிறார். ஏதோ விடப்போகிறார் என்று சிரிக்கத் தயாரானார்கள்.

தங்கச்சி திகைத்துப்போனாள். "மாஸ்ரர், உதென்ன?"

"இதுதான் உங்கடை அண்ணைக்கு விருப்பம், பிள்ளை. பொரிச்சு வையுங்கோ."

"அப்ப இந்தக் கோவா?"

"கோவா அவர் எங்களுக்குக் கொண்டுவந்தது. அவருக்கில்லை. எங்களுக்கு."

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு நான் முற்றத்தில் கிடந்த ஒரு கதிரையில் இருந்து, கூட்டத்தில் நான் சொன்னதையும், ஹெல்மெட்டையும், ஆட்டையும், பங்குனியில் சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் விட்ட ஐந்து வியாழனையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சொல்லி முடித்து எழும்பும்வரை ஒருவரும் சிரிக்கவில்லை. குசினியிலிருந்து மீன் பொரியும் மணம் வந்தது.

அவருடைய கிணற்றடிக் கொட்டிலில் ஒரு தகர ரின்னில் கொஞ்சம் கோவா விதை இருந்தது. தங்கச்சியிடம் கேட்டு வாங்கினேன். ஐப்பசியில் போட்டேன். பன்னிரண்டு கன்று தப்பியது. மருந்தடிக்கவில்லை. இப்போது ஒவ்வொரு இலையும் அரிதட்டு மாதிரி இருக்கிறது. என் மனைவி ஊறவிட்டுப் புழு எடுத்துக் கோழிக்குப் போடுகிறாள். கோழி ஒன்றும் வாங்கிவிட்டோம்.

ராணிக்கு என்மேல் கோபம். வியாழன் காலையானால் படலைப் பக்கம் திரும்பி நின்று கத்துகிறது. நானும் அந்தப் பக்கம் பார்க்கிறேன். ஒருவரும் கேட்கப்போவதில்லை, ஆனாலும் பதில் சொல்லிவிட்டுத்தான் வறையில் கைவைக்கிறேன்.

ஓம் அண்ணை, சாப்பிட்டனாங்கள். ஆட்டுக்கு ஒண்டும் மிஞ்சேல்லை.